எந்தப் பறவை?

விமானி டவரைக் கூப்பிட்டு "பேர்டு ஹிட்" என்று சொன்னதும் ஏர்சைடில் மூன்று நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். இறங்கத் தயாராக வரும் அடுத்த விமானத்தை ஒரு சுற்று சுற்றி வரச் சொல்வார்கள். ஓடுபாதையைப் பார்த்துவர ஜீப் பறக்கும். அடிபட்ட விமானம் நின்ற இடத்தில் பொறியாளர்கள் டார்ச் அடித்து எஞ்சின் விசிறித் தகடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார்கள். இத்தனை ஓட்டத்துக்கு நடுவே ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது என் வேலை. அடிபட்டது எந்தப் பறவை?

படிவத்தில் வெறுமனே "பறவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அப்படி எழுதிய ஒவ்வொரு தாளும் எனக்கு வீணான தாள். அடிபட்டது ஆள்காட்டி என்றால் நான் ஓடுபாதை ஓரத்துச் சரளைக் கல்லைப் போய்ப் பார்க்க வேண்டும். மாடப்புறா என்றால் ஹேங்கர் கூரையின் இரும்புச் சட்டங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். கூகை என்றால் புல்லுக்குள் எலி பெருத்திருக்கிறது. பருந்து என்றால் விமான நிலையத்துக்குள் தேடிப் பயனில்லை. வாசலைத் தாண்டி, தில்லியின் மஹிபால்பூரிலோ கப்பஷேராவிலோ குப்பைத் தொட்டி எங்கே நிரம்பி வழிகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். பறவையின் பெயர் தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை எல்லாம் பட்டாசு வெடிப்பதில் போய் முடியும். பட்டாசுச் சத்தம் அடங்கியதும் பறவை திரும்பிவிடும்.

ஓடுபாதையில் முழு உடல் கிடைத்தால் சிக்கலில்லை. பல நேரம் கிடைப்பது விரல்நகம் அளவு இறகு, இல்லையென்றால் எஞ்சின் உதட்டில் காய்ந்த ரத்தக் கறை. அதையும் துடைத்துத் தூர எறியக்கூடாது என்று பொறியாளர்களிடம் கெஞ்சிக் கேட்பேன். சுத்தமான தாளில் ஒற்றி, உறையில் போட்டு, நேரமும் ஓடுபாதையும் எழுதி வைத்தால் ஆய்வகத்தில் மரபணுவை வைத்துச் சொல்லிவிடுவார்கள். மரபணுப் பரிசோதனை வராத காலத்திலேயே இறகை வைத்து மட்டும் இதைச் செய்தவர் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ராக்ஸி லேபோர்ன். 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் புறப்பட்ட லாக்ஹீட் எலக்ட்ரா விமானம் ஒன்று பறவைக் கூட்டத்தில் புகுந்து விழுந்தது. 62 பேர் இறந்தார்கள். எஞ்சின்களில் கிடைத்த இறகுகளைப் பார்த்து அவை மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் என்று சொன்னார் லேபோர்ன். ஒன்று நூறு கிராம்கூட எடை வராத பறவை. இறகின் அடிப்பகுதியில் இருக்கும் பஞ்சு போன்ற தூவியை நுண்ணோக்கியில் வைத்தால், அதன் இழைகளில் கணுக்கள் தெரியும். புறாவுக்கு ஒரு வடிவம், வாத்துக்கு முக்கோணம், மற்றவற்றுக்கு வேறு. 2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் 179 பேர் இறந்த விபத்திலும், இரண்டு எஞ்சின்களிலும் கிடைத்த இறகும் ரத்தமும் பைக்கால் வாத்தினுடையவை என்று விசாரணையாளர்கள் கண்டறிந்தார்கள். குளிர்காலத்தில் பெருங்கூட்டமாகப் பறக்கும் வாத்து அது. அந்தப் பெயர் தெரிந்ததால்தான் அவை எங்கே தங்குகின்றன, எந்த நேரத்தில் எழுகின்றன என்று அடுத்த கேள்வியைக் கேட்க முடிகிறது.

நான் பல்லாவரத்தில் வளர்ந்தவன். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இரண்டாவது ஓடுபாதைக்குக் கீழேயே அடையாறு ஓடுகிறது. அங்கே நீர்ப்பறவையைப் பற்றிப் பேசாமல் ஒரு கூட்டம் முடியாது. தில்லிக்கு வந்தபோது நான் கற்றுக்கொண்டதில் பாதியை ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையம் சுமார் 5,100 ஏக்கர். நான்கு ஓடுபாதைகள். ஒரு நாளைக்கு 1,300-க்கும் மேல் விமானங்கள் ஏறி இறங்குகின்றன. சுற்றிலும் நகரம் நெருக்கியடித்து நிற்க, நடுவே இவ்வளவு பெரிய திறந்தவெளி மிச்சமிருப்பது பறவைக்கும் தெரியும். நரிக்கும் உடும்புக்கும் முயலுக்கும் மயிலுக்கும்கூடத் தெரியும். மழை கொட்டி வளைகளில் நீர் புகுந்தால் உடும்பு சூடான தாரைத் தேடி ஓடுபாதைக்கே வந்துவிடும். கட்டடம் எழும்பிய இடத்திலிருந்து துரத்தப்பட்ட உயிர்கள் கடைசியாக வந்து ஒதுங்கும் வெளி இது. அந்த வெளியில்தான் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் விமானங்கள் ஓடுகின்றன.

அந்த வேகத்தில் முக்கால் கிலோ எடையுள்ள பருந்து மோதினால் என்ன ஆகும் என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஏறத்தாழ 200 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றல். அது முழுக்க ஒரு கையகல இடத்தில் இறங்குகிறது. கணக்கைப் பார்த்த பிறகு யாரும் ரோந்தில் தூங்குவதில்லை.

எங்கள் புல்வெளியின் நிரந்தரக் குடிமகன் சிவப்பு மூக்கு ஆள்காட்டி. நம் ஊர் வயலில் இரவு ஆள் நடந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் அதே பறவைதான். வெட்டவெளித் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாக முட்டையிடும். மற்ற பறவைகளை விரட்டும் எந்த வித்தையும் இதனிடம் பலிக்காது. ஜீப்பைக் கண்டதும் எழும், கத்தும், அரைவட்டம் போட்டு உங்களுக்குப் பின்னாலேயே வந்து இறங்கும். முட்டை போட்ட இடத்தை அது விடவே விடாது. முட்டையைத் தொடச் சட்டமும் அனுமதிக்காது, எனக்கும் மனம் வராது. ஆகவே ஆள்காட்டிக்கான வேலையைக் கோடை தொடங்குமுன், பிப்ரவரியிலேயே, ஜோடிகள் இடம் பார்த்துத் திரியும்போதே செய்துவிட வேண்டும். ஓடுபாதை விளிம்பில் சிதறிக் கிடக்கும் சரளையை அள்ளுவது, நீர் தேங்கும் பள்ளங்களை மூடுவது, அவை நிற்கும் இடத்தில் காலையும் மாலையும் ஆள் நடப்பது. இந்த இடம் சரிப்படாது என்று அதுவே முடிவுசெய்து இரண்டு ஃபர்லாங் தள்ளிப் போய்விட்டால் அந்த ஆண்டு இரண்டு பேருக்கும் நிம்மதி.

புல் இன்னொரு பெரிய விவாதம். ஐரோப்பியக் கையேடுகள் புல்லை 15, 20 சென்டிமீட்டர் வளரவிடச் சொல்கின்றன. உயர்ந்த புல்லுக்குள் பறவைக்கு எதிரி வருவது தெரியாது, இரை பிடிப்பதும் கடினம், அதனால் இறங்காது என்பது அவர்கள் கண்ட உண்மை. ஜூலை மழையில் தில்லிப் புல் சில வாரங்களில் இடுப்பளவு வந்துவிடும். அதற்குள் எலி, கௌதாரி, முயல், அவற்றைத் தேடி நரி. ஒட்ட வெட்டினாலோ ஆள்காட்டியும் உண்ணிக்கொக்கும் பந்தி விரித்ததுபோல் வந்து உட்காரும். வெட்டும்போது இன்னும் மோசம்: டிராக்டருக்குப் பின்னால் வெட்டுக்கிளியும் சுண்டெலியும் வெளிப்பட, பருந்துகள் தலைக்கு மேலேயே சுற்றும். எங்கே, எப்போது, எவ்வளவு வெட்டுவது என்பதை ஓடுபாதை வாரியாக, மாத வாரியாக நாமே பார்த்துப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. வெட்டிய புல்லை அன்றைக்கே அள்ளிவிட வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஆண்டில் நான் மிகவும் அஞ்சும் மாலை ஒன்று உண்டு. ஜூன் கடைசியில் முதல் நல்ல மழை பெய்து ஓயும் மாலை. தரை குளிர்ந்து, காற்று நின்று, புற்றுகளிலிருந்து ஈசல் புகைபோல் எழும்பும். சிறிது நேரத்தில் மைனாவும் கரிச்சானும் உண்ணிக்கொக்கும் வந்துவிடும். மேலே பருந்துகள் அடுக்கடுக்காகச் சேரும். பருந்து ஈசல் பிடிப்பதை நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? பறந்தபடியே காலை நீட்டி ஒன்றை எட்டிப் பிடித்து, தலையைக் குனிந்து, பறந்தபடியே அலகுக்குக் கொடுத்து, அதே வீச்சில் அடுத்ததற்குத் திரும்பும். இவ்வளவு பெரிய உடலுக்குள் இவ்வளவு நுட்பமா என்று வியந்து நிற்கத் தோன்றும். நிற்க முடியாது. தில்லிக்கு விமானங்கள் நெருக்கமாக வரிசை கட்டி வரும் நேரமும் அதுவே. பறவை இரை எடுக்கும்போது எந்தச் சத்தத்துக்கும் அசையாது. பசி பயத்தை வென்றுவிடும். டவருக்குச் சொல்லி, விமானிகளுக்கு எச்சரிக்கை கொடுத்து, தேவைப்பட்டால் அந்த ஓடுபாதையைச் சற்று நேரம் ஓய வைப்பதுதான் வழி. அதனால்தான் மே மாத வெயிலில், தரை வெடித்துக் கிடக்கும்போதே, புற்று புற்றாகத் தேடி வரைபடத்தில் குறிப்போம். ஜூன் மாலையைக் காப்பாற்றுவது மே மாத வேலை.

இனி பருந்து. தில்லியைப் போல் பருந்து அடர்ந்த நகரம் உலகில் அரிது. சோவியத் பறவையியலாளர் கலூஷின் 1971-இல் 'ஐபிஸ்' ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 ஜோடி கூடுகட்டுவதாக அவருடைய மதிப்பீடு. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் நிஷாந்த் குமாரும் அவருடைய குழுவும் ஆண்டுக்கணக்கில் கூடு கூடாக ஏறிப் பார்த்துச் சொன்ன காரணங்கள் எளிமையானவை: தெருவில் கிடக்கும் கழிவு, மரங்கள், பருந்துக்கு இறைச்சி வீசும் வழக்கம். பழைய தில்லியில் வேண்டுதலுக்காகப் பருந்துக்கு இறைச்சி போடுவதைத் தலைமுறைகளாகச் செய்கிறார்கள். மாலையில் ஜாமா மசூதிப் பக்கம் போனால், வானத்தை நோக்கி வீசிய துண்டு கீழே விழுவதேயில்லை.

செப்டம்பர், அக்டோபரில் இவற்றோடு விருந்தாளிகளும் சேர்கிறார்கள். கசகஸ்தான், மங்கோலியா, தென் சைபீரியப் பகுதிகளிலிருந்து வரும் கருங்காதுப் பருந்துகள். குமாரின் குழு செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில் அவை 3,300 முதல் 4,800 கிலோமீட்டர் வரை, கே2 சிகரத்துப் பக்கமாக இமய, காரகோரத் தொடர்களைத் தாண்டிப் போய்வருவது தெரிந்தது. அந்தத் தூரம் பறந்து வந்த பறவை தில்லியின் காஜிப்பூர் குப்பைமேட்டில் இறங்குகிறது. முதன்முதலில் அங்கே போனபோது, மேட்டின் உச்சியில் மேகம் போலத் திரண்டிருந்த பருந்துகளைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. காஜிப்பூர் எங்களிடமிருந்து வெகு தொலைவு. ஆனால் வெயில் ஏற ஏற, வெப்பக் காற்றைப் பிடித்து எழும் பருந்துக்குத் தொலைவு பொருட்டில்லை. காலை பத்து மணிக்கு மேல் எங்கள் கரிய ஓடுபாதைகளிலிருந்தும் அதே வெப்பக் காற்று எழும்புகிறது.

பருந்தைத் துரத்துவதைவிட வேறிடத்துக்கு அழைப்பது பலனளிக்கும் என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்று இருக்கிறது. குடியரசு தின அணிவகுப்பில் விமானப்படை விமானங்கள் தாழப் பறக்கும். அதற்கு முந்தைய நாட்களில் வனத்துறையினர் செங்கோட்டை, ஜாமா மசூதி போன்ற குறிப்பிட்ட இடங்களில் இறைச்சி வீசி, பருந்துகளைப் பறப்புப் பாதையிலிருந்து தள்ளி வைக்கிறார்கள். ஒரு காலை நேரத்துக்கு இது போதும். ஆண்டு முழுக்க, இரவும் பகலும் ஓடும் விமான நிலையத்துக்கு இந்த வழி உதவாது. எங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை: சுற்றுப்புறத்தில் தீனியைக் குறைப்பது.

1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 91-வது விதி இதைத்தான் சொன்னது. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள் விலங்குகளை அறுத்துத் தோலுரிப்பதும், பறவைகளை ஈர்க்கும் கழிவைக் கொட்டுவதும் கூடாது. அந்த விதி பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பறவை பிணந்தின்னிக் கழுகு. ஒரு காலத்தில் இந்திய விமானிகளின் பெரும் பயம் அதுதான். அதன் எடை நான்கைந்து கிலோ; மிகப் பெரிய எஞ்சின்களைச் சோதிக்கப் பயன்படும் பறவையின் எடையே 3.65 கிலோதான். 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காக சாலிம் அலியும் ராபர்ட் க்ரப்பும் இந்திய விமானத் தளங்களில் நடத்திய ஆய்விலும் கழுகும் பருந்தும் முன்னணியில் நின்றன. அடுத்த இருபதாண்டுகளில், மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்தால் வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. ஓடுபாதையைக் காப்பவன் என்ற முறையில் என் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. செத்த மாட்டை ஒரு மணி நேரத்தில் எலும்பாக்கிய பறவை போனபின், அந்த இறைச்சி நாய்க்கும் பருந்துக்கும் காக்கைக்கும் மிச்சமாகிக் கிடக்கிறது. ஒரு பறவை இல்லாமல் போவதை ஆபத்து குறைந்ததாக நான் எந்த அறிக்கையிலும் எழுத மாட்டேன்.

10 கிலோமீட்டர் வட்டம் என்றால் 314 சதுர கிலோமீட்டர். துவாரகா, ஜனக்புரி, வசந்த் குஞ்ச், ஆர்.கே.புரம் எல்லாம் அதற்குள் வரும். தெற்கே வட்டம் மாநில எல்லையைத் தாண்டி ஹரியானாவின் குருகிராமுக்குள் போகிறது. பருந்துக்கு எல்லை கிடையாது, கோப்புக்கு உண்டு. இத்தனை லட்சம் பேர் சாப்பிட்டு வாழும் வட்டத்தில் இறைச்சிக் கடையே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு வேலையும் நடக்காது. கடைக்காரர் பிழைக்க வேண்டும், கழிவு மட்டும் வானத்துக்குத் தெரியக்கூடாது. இதை ஆட்சியரும் மாநகராட்சியும் உட்காரும் சுற்றுச்சூழல் குழுக் கூட்டத்தில் பேசுவதைவிட, கடை வாசலில் நின்று பேசினால் சீக்கிரம் புரிகிறது. மஹிபால்பூரில் ஒரு பெரியவரிடம் இப்படித்தான் பேச்சுக் கொடுத்தேன்.

"சாச்சா, கழிவை மூடி வைத்தால் என்ன?"

"மூடித்தான் வைக்கிறேன் பேட்டா. நான் கடையைச் சாத்துவது ஒன்பது மணிக்கு. வண்டி வருவது காலை பத்துக்கு. நடுவில் நாய் வந்து இழுத்துப் போட்டுவிடுகிறதே?"

அவர் சொன்னது முழு உண்மை. நாய் இரவில் கிழித்துப் போடுகிறது, பருந்து காலையில் பார்க்கிறது, வண்டி அதற்குப் பிறகு வருகிறது. பூட்டுப் போடும் இரும்பு டிரம் அவர் வாங்கினார். வண்டியின் நேரத்தை விடியலுக்கு முன்னால் மாற்றிக் கேட்டு நான் அலைந்தேன். அந்தத் தெருவின் மேல் காலையில் வட்டமடிக்கும் பருந்துகள் குறைந்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.

ஓடுபாதை ஓரத்தில் வெயிலிலும் பனியிலும் நிற்கும் பேர்டு சேசர்களைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. பலர் பிஜ்வாசன், கப்பஷேரா பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒப்பந்தத்தில் வருபவர்கள். அவர்களில் மூத்தவர் ஒருவருக்கு நான் படித்த எந்த நூலையும்விடப் பருந்தைத் தெரியும். "ஒன்று சுற்றினால் காற்று, பத்து சுற்றினால் தீனி, சர்ஜி" என்பார். பத்து சுற்றும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் வேலியோரம் நாயோ முயலோ செத்துக் கிடக்கும். எரிவாயுத் துப்பாக்கியை ஒரே இடத்தில் வைத்து ஒரே இடைவெளியில் வெடித்தால், ஒரு வாரத்தில் மைனா அதன் குழாய் மீதே உட்காரும் என்பதையும் அவர்தான் முதலில் காட்டினார். 2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் ஓர் எஞ்சின் பறவை மோதித் தீப்பிடித்தது; 185 பயணிகளோடு கேப்டன் மோனிகா கன்னா பத்திரமாகத் திருப்பி இறக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ரோந்தை ஒரே வழியில் ஒரே நேரத்தில் போகாமல் மாற்றி மாற்றிப் போகச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அதை வாசித்துக் காட்டியபோது மூத்தவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். இவர்களுக்குப் பறவைப் பெயர் எழுதும் பயிற்சியும் பைனாகுலரும் கொடுப்பது, புது லேசர் கருவி வாங்குவதைவிட முக்கியம் என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வாதாடுகிறேன். எந்த மணிக்கு, எந்தப் பறவை, எத்தனை, எந்தத் திசை. இந்த நான்கும் நாள்தோறும் பதிவானால், மூன்றாவது ஆண்டில் ஓடுபாதை தானே பேசத் தொடங்கும்.

தில்லியின் வஜீராபாதில் நதீம் ஷெஹ்சாதும் முகமது சௌதும் மாஞ்சா நூலில் சிறகறுந்த பருந்துகளுக்குத் தையல் போடுகிறார்கள். ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் பிரீத்ஸ்' ஆவணப்படத்துக்குப் பிறகு அவர்களை உலகம் அறியும். நான் விரட்டும் பறவையை அவர்கள் பிழைக்க வைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்றே நினைக்கிறேன். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிக் காற்றாடி பறக்கும் வாரங்களில் நூல் அறுத்துத் தள்ளாடும் பருந்து எங்கள் புல்வெளியில் விழுந்தால், பெட்டியில் வைத்து மருத்துவத்துக்கு அனுப்புகிறோம்.

இப்போது என் மேஜையில் இருப்பது பக்ரீத் ஏற்பாடு. பிறையைப் பின்பற்றும் பண்டிகை ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2020-இல் ஆகஸ்ட் 1, 2022-இல் ஜூலை 10. அப்போது மழைக்காலப் பறவைக் கூட்டத்தோடு சேர்ந்து வந்தது. 2025-இல் ஜூன் 7. இனி அது மே மாதத்துக்குள் போகிறது. தில்லிப் பருந்துக் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கிப் பறக்கப் பழகும் பருவம் அதுவே. விமானத்தின் வேகம் தெரியாத இளம் பறவைகள். அதனால் பழைய ஆண்டுகளின் திட்டத்தைத் தேதி மட்டும் மாற்றி அனுப்ப முடியாது. வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பேட்டையிலும் மசூதிப் பெரியவர்களோடு உட்கார்ந்து, கழிவு வண்டி மதியத்துக்குள் ஒருமுறை, மாலையில் இன்னொருமுறை வரும்படி நேரம் குறிக்க வேண்டும். புதைக்கும் குழிகளைப் பறப்புப் பாதையின் கீழே வராமல் தள்ளித் தோண்டச் சொல்ல வேண்டும். குருகிராம் பக்கத்துக்கும் இதே பட்டியல் போக வேண்டும். கூடு இருக்கும் மரங்களை இந்த வாரம் மூத்தவரோடு போய்க் குறித்து வருகிறேன்.